வன்னியில் சொந்தக் கதையை ஆவணப்படமாக எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

இலங்கையின் வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் கையில் ஒரு கமராவோ நல்ல போனோ வைத்திருக்கும் இளையவர்கள் பலர் இப்போது தங்கள் வீட்டுக் கதையைப் படமாக்கப் பார்க்கிறார்கள். 2009இல் யுத்தம் முடிந்தபோது முதலாம் வகுப்பில் இருந்தவர்கள், முகாமில் நடை பழகியவர்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவையும் நான் சொல்லிவரும் பதில்களும் கீழே. கருவிகள் பற்றிய கேள்விகளைக் குறைத்துவிட்டேன். அதற்கு யூடியூப்பில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

என் அம்மாவைப் பற்றி நானே எடுத்தால் அதை ஆவணப்படம் என்று ஏற்பார்களா?

ஏற்பார்கள். தன் குடும்பத்தையோ ஊரையோ தன்னையோ பொருளாக வைத்து எடுப்பது ஆவணப்படத்தில் பல பத்தாண்டுகளாகவே இருக்கும் வகை. ஆனால் "மகன்தானே, அம்மா பக்கம்தான் நிற்பான்" என்று பார்ப்பவர் நினைப்பார். நினைக்கட்டும். நீங்கள் மகன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் அதற்கேற்ற தள்ளுபடியோடு அவர் பார்த்துக்கொள்வார். பாதிப் படத்தில் அது வெளிப்பட்டால் அதுவரை பார்த்த நல்ல காட்சிகளையும் சேர்த்துச் சந்தேகிப்பார்.

ஆவணப்படம் என்றால் நடுநிலையாக இருக்கவேண்டும் என்று படித்தோமே?

அப்படி ஒரு கமரா இதுவரை வந்ததில்லை. ஆவணப்பட வரலாற்றின் தொடக்கத்தில் வைத்துப் பேசப்படும் 'நானூக் ஆஃப் த நோர்த்' 1922இல் வெளியானது. கனடாவின் வடக்கே வாழும் இனுவிட் மக்களைப் பற்றி ரொபேர்ட் ஃபிளாஹெட்டி எடுத்த படம். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்பதால் ஒரு பக்கம் திறந்த அரை வீடு ஒன்றைக் கட்டவைத்து உள்காட்சிகளை எடுத்தார். துவக்கால் வேட்டையாடப் பழகியிருந்தவர்களைப் பழைய ஈட்டியோடு வேட்டையாட வைத்தார். பார்த்தவர்கள் அதை அப்படியே நடந்தது என்று நம்பினார்கள். படத்தில் 'நான்' என்ற குரல் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு காட்சியையும் தீர்மானித்தது ஒரு மனிதரின் விருப்பம். தன்னைக் காட்டாமல் இருந்ததால் அவர் பக்கச்சார்பு குறைந்துவிடவில்லை, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான்.

நம் இடத்தில் நடுநிலை என்ற பெயரில் இன்னொரு வேலையும் நடக்கிறது. ஒரு தாய் பத்து நிமிடம் பேசினால் ஓர் அதிகாரிக்கும் பத்து நிமிடம் கொடுத்துவிட்டு, "இரண்டு பக்கமும் கேட்டுவிட்டோம்" என்று கை கழுவுவது. எனக்கு அது சோம்பேறித்தனமாகவே படுகிறது. அந்த இருவர் சொன்னதில் எது பதிவோடு பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று தேடும் வேலையை இயக்குநர் பார்ப்பவர் தலையில் போட்டுவிட்டார்.

நான் சொல்வது இதுதான்: எந்தப் பக்கம் நிற்பது என்பது உங்கள் உரிமை, ஆனால் அங்கே நின்று நீங்கள் சொல்லும் தகவல் மற்றவரும் சோதித்துப் பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். 'செட்டிகுளம் முகாமில் முட்கம்பியைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டியது' என்பதை யாரும் சரிபார்க்க முடியாது, சரிபார்க்கவும் தேவையில்லை. 'மெனிக் பாமில் ஐந்து வருடம் அடைத்து வைத்தார்கள்' என்று சொன்னால் கதை முடிந்தது. செட்டிகுளத்தில் இருந்த அந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. 2009இல் உள்ளே போன குடும்பம் அங்கே ஐந்து வருடம் இருந்திருக்க முடியாது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழுப் படத்தையும் பொய் என்று சொல்ல ஆட்கள் காத்திருக்கிறார்கள். உங்கள் குரலும் படத்தில் ஒரு சாட்சி. மற்றச் சாட்சிகளை எப்படிக் குறுக்குக் கேள்வி கேட்பீர்களோ, அதே கேள்வியை அதற்கும் கேளுங்கள்.

சரி, எதையெல்லாம் சரிபார்ப்பது? எங்கள் ஆட்களுக்குத் தேதியே ஞாபகம் இல்லை.

தேதி ஞாபகம் இருக்காது, இடம் ஞாபகம் இருக்கும். வன்னியில் 2008, 2009ஐக் கடந்தவர்கள் காலத்தை இடப்பெயரால்தான் வைத்திருக்கிறார்கள். 'தருமபுரத்தில் இருக்கேக்க', 'சுதந்திரபுரத்தில் தறப்பாள் போட்டிருந்த நேரம்', 'இரணைப்பாலையில் இருந்து மாத்தளனுக்குப் போகேக்க' என்றுதான் பேச்சு வரும். ஆகவே முதல் நாளே "எத்தனையாம் திகதி?" என்று கேட்டு அவர்களைத் திணறடிக்க வேண்டாம். ஒரு பெரிய தாளில் இடம்பெயர்ந்த பாதையை வரையச் சொல்லுங்கள். எந்த இடத்தில் எத்தனை பங்கர் வெட்டினார்கள், எங்கே மழை, எங்கே மா முடிந்தது, எங்கே சைக்கிளை விட்டுவிட்டு நடந்தார்கள் என்று கேளுங்கள். வரைந்து முடியும்போது ஓர் ஒழுங்கு வந்துவிடும்.

அப்புறம் எல்லோருக்கும் பொதுவான தேதிகளை அந்தப் பாதையின் மேல் வையுங்கள். சில மட்டும் சொல்கிறேன். ஏ9 வீதி சமாதான காலத்தில், 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடப்பட்டது. ஐ.நா.வும் மற்றத் தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறியது 2008 செப்டெம்பர். கிளிநொச்சி நகரம் 2009 ஜனவரி 2இலும் முல்லைத்தீவு நகரம் ஜனவரி 25இலும் இராணுவத்திடம் விழுந்தன. மக்கள் ஒதுங்க என்று அரசாங்கம் அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயம் ஜனவரி பிற்பகுதியில், இரண்டாவது பெப்ரவரி 12, மூன்றாவது மே 8. புதுமாத்தளனில் இருந்து காயக்காரரைச் செஞ்சிலுவைச் சங்கம் கடல்வழியாக ஏற்றத் தொடங்கியது பெப்ரவரி 10. புலிகள் போட்டிருந்த மாத்தளன் மண் அணை உடைந்து பெருந்தொகையானோர் ஒரே நேரத்தில் வெளியே வந்தது ஏப்ரல் 20. உங்கள் பெரியம்மா "கப்பலில் ஏத்தினவங்கள்" என்று சொன்னால் அது பெப்ரவரி 10க்கு முன் நடந்திருக்காது. "அணை உடைஞ்ச அண்டு வந்தனாங்கள்" என்றால் கிட்டத்தட்ட நாளே கிடைத்துவிட்டது.

காகிதங்களும் இருக்கின்றன. முகாம் அட்டை, மருத்துவமனைத் துண்டு, கப்பலில் போனவரின் வைத்தியக் குறிப்பு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு, பாடசாலைச் சம்பவத்திரட்டுப் புத்தகம், குடும்ப அட்டை, காணாமல் ஆக்கப்பட்டவருக்காகக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி. கிராம சேவகரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டுக் கிடைக்காதவற்றை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்ட கடிதமே படத்தில் ஒரு காட்சியாகும்.

போனில் எடுத்த பழைய வீடியோ கிடைத்தால் எடுத்தவரின் கையில் உள்ள மூலக் கோப்பையே கேளுங்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் கோப்பிலிருந்து போய்விடும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் தப்பும். நேரில் போய்ப் பிரதி எடுப்பது எல்லாவற்றிலும் நல்லது.

அம்மா சொல்வது பதிவோடு பொருந்தவில்லை. அந்தப் பகுதியை வெட்டிவிடவா?

முதலில் அவர் எதைக் கண்டார், எதை ஊகித்தார், எதைப் பிறகு கேள்விப்பட்டார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பேட்டியில் மெதுவாகக் கேட்கலாம்: "அப்ப நீங்கள் எங்க நிண்டனீங்கள்? எந்தப் பக்கம் பார்த்தபடி? அது உங்கட கண்ணால கண்டதோ, பிறகு ஆரும் சொன்னதோ?" விசாரணை போல் இல்லாமல், காட்சியைப் பார்க்க ஆசைப்படுபவர் போலக் கேட்டால் அவர்களும் விருப்பத்தோடு சொல்வார்கள்.

உதாரணத்துக்கு விமானம். எந்தப் போர் விமானம் வந்தாலும் நம் சனம் கிபிர் என்றுதான் சொல்லும். விமானப்படையிடம் மிக் ரக விமானங்களும் இருந்தன. அம்மா "கிபிர் அடிச்சது" என்று சொல்லட்டும், அது அவர் வாய்மொழி. உங்கள் பின்னணிக் குரல் மட்டும் 'போர் விமானம்' என்று சொன்னால் போதும். ஷெல் வந்த திசையும் அப்படித்தான். சத்தத்தை வைத்துத் திசை சொல்லக்கூடிய அளவுக்கு எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் பயிற்சி இருந்தது. ஆனாலும் 'எப்படித் தெரிந்தது' என்ற கேள்விக்கான பதிலையும் சேர்த்தே படத்தில் வையுங்கள்.

அப்படியும் பொருந்தாவிட்டால் வெட்டவேண்டாம். 'அம்மா மார்ச் என்கிறார், மருத்துவமனைத் துண்டு ஏப்ரல் என்கிறது' என்று நீங்களே சொல்லிவிட்டு மேலே போங்கள். பசியும் நித்திரையின்மையும் சாவும் கலந்த நாட்களில் ஒரு மாதம் நழுவுவது யாருக்கும் ஆச்சரியமல்ல. அதை மறைத்துவைத்து இன்னொருவர் கண்டுபிடிப்பதுதான் ஆபத்து.

அப்பாவும் பெரியப்பாவும் ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

நல்லது! இரண்டையும் வையுங்கள். யார் சொல்வது சரி என்று உங்களுக்கே தெரியாதபோது ஒருவரைத் தேர்ந்தெடுப்பதுதான் பிழை. இருவரையும் தனித்தனியே எடுங்கள். ஒன்றாக இருத்தினால் மூத்தவர் பேச, இளையவர் தலையாட்டிக்கொண்டிருப்பார். எங்கள் குடும்பங்களில் தம்பி அண்ணனைச் சபையில் மறுத்துப் பேசமாட்டார்.

இறந்தவர்களின் தொகையை என்னவென்று சொல்வது?

உங்கள் சொந்தக் குரலில் ஒரு தொகையையும் சொல்லாதீர்கள். யார், எப்போது, எதைக் கணக்கிட்டார் என்பதோடு சேர்த்தே சொல்லுங்கள்.

2011இல் வெளியான ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை, கடைசிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என நம்பத்தகுந்த பல தரப்புகள் மதிப்பிடுவதாகச் சொன்னது. 2012 நவம்பரில் வந்த ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு அறிக்கை 70,000க்கு மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்ற தகவலைக் குறிப்பிட்டது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் கொடுத்த தொகை 1,46,679. அது வந்த விதம் எளிது. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் என்று கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகப் பதிவு சொன்னது 4,29,059. யுத்த முடிவில் அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் என்று ஐ.நா. கணக்குச் சொன்னது 2,82,380. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள். 'இத்தனை பேருக்கு என்ன நடந்தது?' என்பதுதான் ஆயர் கேட்டது. அந்தத் தொகையைப் படத்தில் 'கொல்லப்பட்டோர்' என்று எழுதுபவர்கள் ஆயர் கேட்காத ஒன்றை அவர் வாயில் வைக்கிறார்கள். கழித்தல் கணக்கைத் திரையில் அப்படியே போட்டால் அதைவிடக் கனமாக இருக்கும்.

உங்கள் படத்துக்கு இந்தத் தொகைகள் தேவையா என்றும் யோசியுங்கள். ஒரு வீட்டில் ஏழு பேர் போய் நான்கு பேர் திரும்பியதைச் சொல்லும் படத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

புதைகுழிகளைப் பற்றி என் படத்தில் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் பரிசோதனை முடிவுக்கு முந்திக்கொண்டு போகாதீர்கள். மன்னார் நகரில் 2018இல் சதொச என்ற அரச விற்பனை நிலையக் கட்டடத்துக்கு நிலம் தோண்டியபோது வெளிப்பட்ட புதைகுழியில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அவை யுத்தகாலத்தவை என்று பலரும் அப்போதே பேசினார்கள். அமெரிக்க ஆய்வுகூடத்தின் காபன் பரிசோதனை 2019இல் வந்தபோது அது 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையான காலத்தைச் சொன்னது. அந்த முடிவை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் காரணங்களும் இருக்கின்றன. இரண்டையும் சொல்லுங்கள். 2023 யூனில் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது வெளிப்பட்டதை வேறாகவே பேசவேண்டும். ஓரிடத்து முடிவை இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது.

பின்னணியில் என் குரல் எவ்வளவு வரலாம்?

கேட்பவர் "இவர் கொஞ்சம் வாயை மூடினால் அந்த அம்மா பேசுவார்" என்று நினைக்கத் தொடங்கும் இடத்துக்கு முந்தின வரிவரை. இளையவர்களின் முதல் வெட்டில், அதாவது முதல் தொகுப்பில், பெரும்பாலும் குரல் அதிகமாகவே இருக்கும். கவிதை நடை வேறு வந்துவிடும். நந்திக்கடலைக் காட்டி 'கண்ணீரால் உப்பான நீரே' என்று தொடங்கினால் பாதிப் பேர் அங்கேயே போய்விடுவார்கள். 'இந்தக் கரையால்தான் அம்மா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு வட்டுவாகல் பாலத்துக்கு நடந்தார். எனக்கு அது ஞாபகம் இல்லை. அவர் சொல்லித்தான் தெரியும்.' இந்த மூன்று வரி போதும். இதில் கடைசி இரண்டு வரிகளை மட்டும் எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள். தான் நினைவு வைத்திருப்பது எது, சொல்லக் கேட்டது எது என்று பிரிக்கும் குரலைத்தான் மற்ற இடங்களிலும் நம்புவார்கள்.

'நாங்கள்' என்று பேசும்போதும் கவனம் வேண்டும். குடும்பமா, ஊரா, முழு இனமா? ஒவ்வொரு தடவையும் யார் அந்த நாங்கள் என்று எழுத்துப் பிரதியின் ஓரத்தில் குறித்துப் பாருங்கள். பாதி இடத்தில் 'நான்' என்றோ 'என் அம்மா' என்றோ மாற்றவேண்டி வரும்.

எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. அல்பம் எல்லாம் பங்கரோடு போய்விட்டது. எதைக் காட்டுவது?

வன்னியில் இது அநேகமாக எல்லா வீட்டுக்கும் பொதுவான கேள்வி. இதற்கு மிக நல்ல பதிலைச் சொன்னவர் கம்போடியாவின் ரித்தி பான். கெமர் ரூஜ் ஆட்சியில் தன் குடும்பத்தை இழந்தவர். அந்தக் காலத்தைக் காட்ட ஆட்சியின் பிரசாரப் படங்களைத் தவிர அவரிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. 2013இல் வந்த 'த மிஸ்ஸிங் பிக்சர்' படத்தில் களிமண் பொம்மைகள் செய்து, தன் வீட்டையும் வேலை முகாமையும் அவற்றால் அமைத்துக் காட்டினார். பொம்மையைப் பார்ப்பவர் எவரும் அதை அந்தக் காலத்து ஒளிப்பதிவு என்று நினைத்து ஏமாறமாட்டார். அது முழுக்க முழுக்க ஒருவரின் நினைவு, அதேநேரம் எதையும் போலியாக நிரூபிக்கப் பார்க்காத படம்.

நம்மிடமும் வழிகள் உண்டு. தப்பி வந்த பொருட்கள்: அடிபட்ட கிடாரம், ஒரு சட்டை, உறுதிக் காகிதம் சுற்றிய பொலித்தீன். இப்போதைய இடம்: பங்கர் இருந்த பள்ளத்தில் இன்று மரவள்ளி நிற்கிறது என்றால் மரவள்ளியை எடுங்கள். அம்மா மண்ணில் குச்சியால் வரைந்து காட்டுவதை மேலிருந்து எடுங்கள். நடித்துக் காட்டினால் அது நடிப்பு என்று தெரியும்படி செய்யுங்கள்.

செய்யக்கூடாதது ஒன்று: வேறு இடத்தில், வேறு நாளில் எடுத்த ஷெல்லடிக் காட்சியை இணையத்தில் இருந்து இறக்கி உங்கள் ஊர்க் கதையின் மேல் ஒட்டுவது. செயற்கை நுண்ணறிவால் 'அந்த நாள் எப்படி இருந்திருக்கும்' என்று உண்மைப் படம் போல ஒன்றை உருவாக்கிப் போடுவதையும் நான் இதோடுதான் சேர்ப்பேன். நம்முடைய உண்மையான காணொளிகளையே போலி என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு நிஜமான போலியை ஏன் கொடுக்கவேண்டும்?

இயக்கத்தை, அதாவது புலிகளைப் பற்றி அம்மா கோபமாகப் பேசிவிட்டார். அதை வைத்தால் ஊரில் பகை வரும். நீக்கினால்?

கஷ்டமான கேள்வி. அக்காவைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று ஒரு தாய் அழுகிறார். அதே வீட்டில் விரும்பிப் போன அண்ணனின் படத்துக்கு மாலை போட்டிருக்கிறது. வன்னியில் இந்த இரண்டும் ஒரே சுவரில் இருக்கும். நான் மேலே சொன்ன அதே நிபுணர் குழு அறிக்கை, பாதுகாப்பு வலயங்கள் மீதும் மருத்துவமனைகள் மீதும் நடந்த அரசாங்கத்தின் எறிகணை வீச்சைச் சொல்லும்போதே, சிறுவர்கள் உட்படக் கட்டாயமாகச் சேர்த்ததையும், வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்துச் சுட்டதையும் சொல்கிறது. இரண்டின் அளவும் ஒன்று என்று காட்டவேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. ஆனால் அம்மாவின் வாயிலிருந்து வந்ததை நீங்கள் பயந்து நீக்கினால், அவர் மற்றவரைப் பற்றிச் சொன்னதும் பாதியாகத்தான் மதிக்கப்படும்.

ஆனால் அந்த ஊரில் நாளைக்குத் தண்ணீர் அள்ளப் போகவேண்டியவர் அவர். முடிவு அவருடையது. தொகுத்த காட்சியை அவருக்குப் போட்டுக் காட்டி, "இது இப்படியே போனால் உங்களுக்குப் பிரச்சினை வருமோ?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டீர்கள் என்பதைப் படத்தில் ஒரு வரியாகச் சொல்லமுடியுமா என்றும் கேளுங்கள்.

எங்கள் கதையில் வேறு சமூகத்தவரையும் சேர்க்கவேண்டுமா?

கணக்குக்காகச் சேர்க்கவேண்டாம். உங்கள் கதைக்குள் அவர்கள் ஏற்கனவே இருக்கிறார்களா என்று பாருங்கள். தண்ணீரூற்றுப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் கதையில் பக்கத்து வீட்டு முஸ்லிம் நண்பர் 1990 வரை வந்துகொண்டிருக்கிறார், பிறகு பேச்சில் இல்லை. ஏன் இல்லை என்று பிள்ளைக்குத் தெரியாது. அந்த ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினார்கள், பலர் புத்தளத்தில் போய் இருந்தார்கள். அம்மாவிடம் அந்த நண்பரைப் பற்றிக் கேட்டால் படம் வேறு ஆழத்துக்குப் போகும். அதுபோலவே 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் பலர். அவர்களின் இடப்பெயர்வு 2008இல் தொடங்கவில்லை.

பேசும்போது அழுதால் கமராவை நிறுத்தவேண்டுமா?

கமரா இருக்கும் இடத்தில் இருக்கட்டும், நீங்கள் எழுந்து அவரிடம் போங்கள். தொடரலாமா என்று கேளுங்கள். கண்ணீரை நோக்கி 'சூம்' பண்ணும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து போகத் தோன்றும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் இருந்து கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் இருக்கிறார்கள். எத்தனையோ கமராக்களின் முன்னால் அழுதுவிட்டார்கள். அவர்களிடம் போனால் அழுகையைத் தவிர வேறு எதைக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டு போங்கள். தேடி எழுதிய கடிதங்களை எப்படி அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப்பாருங்கள், மணித்தியாலக் கணக்கில் பேசுவார்கள்.

அம்மாவிடம் அனுமதி எழுத்தில் வாங்குவது அந்நியமாக இருக்காதா?

இருக்கும். ஆனாலும் வாங்குங்கள், எழுத்தில் முடியாவிட்டால் கமராவில் சொல்லவைத்துப் பதிவாக வாங்குங்கள். பெற்றவள் பிள்ளைக்கு மாட்டேன் என்று சொல்வது கடினம், அதனால் அனுமதி கேட்கும் வேலையை ஒரு சித்தியிடமோ நண்பரிடமோ கொடுங்கள். எடுக்குமுன் ஒரு தடவை, வெட்டி முடிந்தபின் ஒரு தடவை. முகம், ஊர்ப்பெயர், முன்னாள் போராளி என்ற தகவல் இந்த மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். முகம் காட்டச் சம்மதித்தவர் மூன்றாவதுக்குச் சம்மதிக்காமல் இருக்கலாம். மறைப்பதாக இருந்தால் முகத்தை மட்டும் மங்கலாக்கிப் பயனில்லை. குரலாலும் வீட்டு வாசலாலும் கிணற்றடியாலும் ஊரார் கண்டுபிடித்துவிடுவார்கள். மூலப் பதிவுகளை இரண்டு இடங்களில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே.

நான் கனடாவில் வளர்ந்தேன். இங்கே வந்து எடுக்கலாமா?

வாருங்கள். ஆனால் நீங்கள் திரும்பிப் போகிறவர் என்பது படத்தில் தெரியட்டும். உங்களோடு பேசுபவர் அதை அறிந்துதான் பேசுகிறார். சிலவேளை ஒன்றைக் கூட்டிச் சொல்வார், சிலவேளை ஒன்றை மறைப்பார். வந்த முதல் கிழமை கமராவை எடுக்காமல் இருந்தால் நல்லது.

காற்றுச் சத்தம் எல்லாவற்றையும் கெடுக்கிறது.

சோளகம் (தென்மேல் காற்று) வீசும் மாதங்களில் வெளியே பேட்டி எடுப்பதைக் காலை ஏழரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மைக்குக்கு மயிருறை வாங்குங்கள், கமராவில் இருக்கும் மைக்கை நம்பவேண்டாம். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். இராணுவ முகாம்களுக்குப் பக்கத்தில் அந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

முதல் வெட்டை யாருக்குக் காட்டுவது?

படத்தில் இருப்பவர்களுக்கு. பிரெஞ்சுக்காரர்களான ஜோன் ரூஷும் எட்கார் மொரினும் 1960 கோடையில் பரிஸில் எடுத்து 1961இல் வெளியிட்ட படத்தில், பங்குபற்றியவர்களுக்கு எடுத்த பகுதிகளைப் போட்டுக் காட்டி, அவர்கள் அதைப் பற்றிச் சண்டைபோடுவதையும் படத்திலேயே சேர்த்தார்கள். சிலர் உண்மையாக இருக்கிறது என்றார்கள், சிலர் நடிப்பு என்றார்கள். எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு வெள்ளைத் துணி கட்டி அதையே செய்யலாம். பெரியப்பா எழுந்து "அது அப்பிடி நடக்கேல்லை" என்று சொல்லுவார். கமராவை ஓடவிட்டுவிட்டு இருங்கள்.

பிறகு குடும்பத்துக்கு வெளியே இருவருக்குக் காட்டுங்கள். ஒருவர் அதே பாதையால் வந்த, உங்களுக்குச் சொந்தமில்லாத ஒருவர். இடம், நாள், தூரம் பிழைத்தால் அவர் உடனே பிடிப்பார். மற்றவர் வன்னிக்கே வராத ஒருவர், முடிந்தால் சிங்களத்தில் வாசிப்பவர். நீங்கள் விளக்கத் தேவையில்லை என்று விட்ட இடங்களில் எல்லாம் அவர் கேள்வி கேட்பார். சிங்கள உபதலைப்பைப் பணம் கொடுத்தாவது ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளரிடம் செய்யுங்கள், இயந்திர மொழிபெயர்ப்பில் விடவேண்டாம்.

எங்கே திரையிடலாம்?

திரையரங்கு என்றால் தணிக்கைச் சான்றிதழ் தேவைப்படும். அந்த வேலைக்கு மாதங்கள் ஆகலாம் என்று எதிர்பாருங்கள். இணையத்தில் போடுவதாக இருந்தால் அம்மாவிடம் வாங்கிய அனுமதியில் இணையம் என்று இருந்ததா என்று பாருங்கள். ஊரில் பலர் திரையிடலுக்குச் சம்மதிப்பார்கள், போனுக்குப் போன் போகும் என்பதை யோசித்திருக்கமாட்டார்கள். அனுமதியில் இணையம் இல்லாவிட்டால் திரும்பப் போய்க் கேட்டுவிட்டுத்தான் ஏற்றவேண்டும்.